அரிசிக்குள் கிடந்த குதிரை

ராத்திரிக் கஞ்சிக்கு அரிசி அளக்க டிரம்முக்குள் நாழியை விட்டேன். நாழியோடு ஒரு குதிரைத் தலை வெளியே வந்தது.

கறுப்புக் குதிரை. காது இரண்டும் விறைத்து நின்றன. பல் தெரிந்தது. நான் "ஏசுவே" என்று கத்தி நாழியைக் கீழே போட்டுவிட்டேன். அரிசி அடுக்களை முழுக்கச் சிதறியது.

உள்ளறையில் பச்சைப் பிள்ளையோடு படுத்திருந்த என் மகள் ஆன்ஸ்லின், "என்னம்மா, பாம்பா?" என்று கேட்டாள்.

"எலி மக்கா, எலி. நீ கண்ண மூடிக் கெட" என்றேன். குனிந்து எடுத்துப் பார்த்தால் மரத்தில் செய்த செஸ் காய். டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒரு கறுப்பு யானையும் கிடைத்தது. யாரோ பரிசாகக் கொடுத்து, எங்கள் அடுக்களைப் பரணில் பல வருடமாகத் தூசி பிடித்துக் கிடந்த பெட்டியில் உள்ளவை.

வீட்டில் இருப்பது நாலு பேர். ஒருத்தி நான். ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். ஒருத்தி தொட்டிலில் கிடக்கிறாள். பாக்கி உள்ளது என் வீட்டுக்காரர் செல்வதாஸ் மட்டும்தான்.

அவரைப் புதுக்கடைப் பக்கத்தில் பந்தல் செல்வதாஸ் என்றால்தான் தெரியும். கல்யாணம், சாவு, சபைக் கன்வென்ஷன் எதுவானாலும் பந்தலும் சேரும் அவருடையதாக இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்று, பந்தல்காரர் ஒருவருக்குக் கமுகுத் தடி சுமக்கப் போனவர். கயிறு கட்டுவதிலிருந்து மேடை போடுவதுவரை கண்ணால் பார்த்தே பழகினார். இன்றைக்கும் மேடை போட்டு முடித்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை நடுவில் வைத்து, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்ப்பார். சாய்ந்தால் அத்தனையையும் பிரித்துத் திரும்பப் போடுவார். கூட நிற்கும் வேலைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் வாங்க மாட்டார்.

எங்கள் கல்யாணத்தை இன்னும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். கோயிலில் தாலி கட்டி முடித்து, வரவேற்பு மேடைக்கு வருகிறோம். மேடை வேறொரு ஆள் போட்டது. கோட்டும் சூட்டும் போட்டு என் கையைப் பிடித்து நடந்து வந்தவர், மேடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கையை விட்டுவிட்டுப் போய், சனம் எல்லாம் பார்த்து நிற்க, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட்டிருந்த இரண்டு பட்டு நாற்காலிகளையும் தூக்கி இடம் வலமாக மாற்றிப் போட்டார். "மாப்பிள சேரு தூக்குகான் பாருங்க" என்று என் அத்தை வாயில் கையை வைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்து என் காதில் சொன்னார், "பொண்ணு எப்பவும் மாப்பிளைக்கு இடத்த பக்கம். மாறி இருந்தா எனக்குக் கண்ணு உறுத்தும்."

கல்யாணமான பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்படிப்பட்ட ஆள், செஸ் காயை எதற்கு அரிசிக்குள் ஒளிக்க வேண்டும்?

செஸ் என்பது என் மகளுடைய பைத்தியம். அவள் கருங்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள். ரத்தம் எடுத்த குழாய் மிஷினில் சுற்றி முடிக்கும்வரை சும்மா நிற்க வேண்டுமாம். அந்த நேரத்தில் போனில் பார்த்து ஆடப் பழகினாள். பிறகு இந்தப் பக்கத்து ஆட்கள் நடத்தும் ஒரு சின்ன சங்கத்தில் சேர்ந்தாள். அவர்கள் நேரில் உட்கார்ந்து ஆடுவதில்லை. முன்பு தபால் கார்டில் ஆடியதுபோல, இப்போது போனில் ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று எழுத்தும் எண்ணும் மட்டும். படம் கிடையாது. கம்ப்யூட்டரிடம் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று நாள். அதற்குள் பதில் வரவில்லை என்றால் தோல்வி.

இந்த வருடம் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று ஆன்ஸ்லின். மற்றவர் சுசீந்திரம் கிருஷ்ணமணி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடங்களில் எல்லாம் அவர்தான் முதல். ஆட்டம் தொடங்கும்போது ஆன்ஸ்லினுக்கு நிறைமாதம். அவர் போனில் கூப்பிட்டு, "பேறு கழியட்டும் மக்கா, ஆட்டத்த நிறுத்தி வைப்போம். முன்னயும் சங்கத்துல ரெண்டு பொம்பளப் பிள்ளைய இப்படித்தான் பேத்துக்குப் போச்சு, பாதியில நின்னு போச்சு. பொறவு வரவே இல்ல" என்றாராம். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது இவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "நிறுத்தாண்டாம் அண்ணாச்சி. நான் நேரத்துக்கு அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டாள். நேரத்துக்கு அனுப்பவில்லை என்றால் சங்கம் முழுக்கச் சொல்லும், பாத்தியா, இதும் பாதியில நின்னாச்சு என்று.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது பேத்தி பிறந்தது மட்டும்தான். அவளைக் கையில் வாங்கியபோது என் கால் தரையில் நிற்கவில்லை. நெற்றி நிறைய முடி, செல்வதாஸுடைய அதே சப்பை மூக்கு. அந்த மூக்கை இவ்வளவு அழகு என்று நான் அதற்கு முன் நினைத்ததே இல்லை.

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் நான் முதலில் செய்த காரியம், அவளுடைய போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியது. பிள்ளை பெற்றவள் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது. போன் கூடாது, புத்தகம் கூடாது, ஜன்னலில் திரை போட வேண்டும். நாற்பது நாள் கழியும்வரை அப்படித்தான். என் அம்மா எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்தேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதைவிட ஆச்சரியம் என் வீட்டுக்காரர். காலையும் மாலையும் தொட்டில் பக்கம் போய்க் குனிந்து நிற்பார். உதடு அசையும். சத்தம் கேட்காது. கட்டிலில் கிடக்கும் மகளும் கண்ணை மூடியபடி உதட்டை அசைப்பாள். பேத்திக்காக அப்பனும் மகளும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு இப்பம் முழு நேரமும் ஜெபந்தான்."

கையில் குதிரையோடு பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். வாடகைச் சேர்கள் அடுக்கி வைக்கும் இடம். உள்ளே அவர் ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சேர். சேர்மேல் செஸ் பலகை. பந்தல் கோணலாக நிற்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்த செய்யுதிய?" என்றேன்.

அவர் துள்ளி எழுந்த வேகத்தில் அண்டா உருண்டது.

"ஒண்ணும் இல்ல குமாரி."

"ஒண்ணும் இல்லியா? இந்தக் குதிர அரிசி திங்கதுக்கா டிரம்முக்குள்ள போச்சு?"

"கெடச்சா? ஹாவ்!" என்று கையை நீட்டி வாங்கினார். பலகையில் ஒரு மூலையில் குதிரைக்கும் யானைக்கும் பதிலாக இரண்டு கொட்டைப்பாக்கு வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டுக் காய்களை வைத்தார். "பரணில இருந்து பெட்டிய எடுக்கப்பம் நீ வந்திட்ட. சட்டுனு டிரம்முக்குள்ள அரிசியில பொதச்சேன். பொறவு எடுத்துப் பாத்தா ரெண்டெண்ணம் கொறவு."

"என்கிட்ட எதுக்கு ஒளிக்கணும்?"

"போனே கூடாதுன்னு சட்டம் போட்டது நீயாக்கும்" என்றார். நான் விடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கிருஷ்ணமணி இவருடைய போனுக்கு அனுப்புவார். இவர் தொட்டில் பக்கம் போய்க் குனிந்து அதை முணுமுணுப்பார். அவள் கண்ணை மூடிக் கிடந்தபடியே மனதுக்குள் பலகையைப் பார்த்து, பதிலைச் சொல்லுவாள். இவர் வெளியே வந்து அனுப்புவார்.

"அப்பம் அது ஜெபம் இல்லியா?"

"நான் ஜெபம்னு சொன்னேனா? நீயாட்டு நெனச்ச."

"கோயில் முழுக்கச் சொல்லியாச்சே மனுசா!"

"செரி விடு. சும்மா தபால்காரன மாதிரி கொண்டு குடுக்கதுக்கு எனக்கு மனசு கேக்கல்ல. என்ன நடக்குன்னு தெரியணும்லா? அதாக்கும் பலகையத் தூக்கினேன்." சொல்லும்போதே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. "பாரு, எல்லாம் நானே வச்சேன். மூலையில யான, அடுத்தது குதிர, அதுக்கு அடுத்தது பிஷப்பு. நடுவுல ராஜாவும் ராணியும். தலையில சிலுவ இருக்கது ராஜா. ரெண்டு பக்கமும் பொண்ண மாப்பிளைக்கு இடத்த வச்சிருக்கேன். ஒரு ஆளு கொற சொல்ல முடியாது."

பார்க்க அழகாகத்தான் இருந்தது. எதிரெதிரே இரண்டு கல்யாண மேடை போட்டதுபோல.

"பொறவு எதுக்கு மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றேன்.

அவர் திரும்பவும் அண்டாவை நிமிர்த்திக் கவிழ்த்து உட்கார்ந்தார். "குமாரி, நீ பேடிக்கப்பிடாது" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

"வெள்ள நம்ம பிள்ளைக்கது. ராஜாவுக்கு முன்ன நிக்க சிப்பாய ரெண்டு கட்டம் நீக்கித் தொடங்கினா. அவரும் அப்பிடியே நீக்கினாரு. இவ குதிரைய எடுத்தா, பிஷப்ப எடுத்தா, அடுத்த குதிரைய எடுத்தா. எல்லாம் கொள்ளாம். அவரு பிஷப்ப இந்தா, இங்க கொண்டு வச்சிருக்காரு. அதுக்க நேரா நம்ம குதிர நிக்கு. குதிரைக்கப் பொறத்த நம்ம ராணி. குதிர நீங்கிச்சுன்னா ராணி போச்சு. மனசிலாச்சா?"

"மனசிலாச்சு."

"அந்தக் குதிரைய எடுத்து நடுவுல நிக்க சிப்பாய வெட்டச் சொல்லுகா."

நான் பலகையைப் பார்த்தேன். எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் வாசலில் நின்ற ஆள் விலகினால் உள்ளே இருப்பவள் தெரிவாள் என்று யாருக்கும் தெரியும். "ராணி போவுமே!"

"அதத்தான சொல்லுகேன். ஒரு சிப்பாய்க்கு ராணியத் தூக்கிக் குடுக்குகா. ரெண்டாவது தடவையும் கேட்டுப் பாத்தேன். அதேதான் சொல்லுகா. நான் அனுப்பல்ல."

"பிள்ளகிட்ட என்ன சொன்னிய?"

"அனுப்பியாச்சுன்னு சொன்னேன்." குரல் இறங்கிவிட்டது. "முந்தாநாளு சொன்னா. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள போவணும். வேற எதாம் சொல்லுவான்னு பாத்தேன். ஏட்டி குமாரி, கண்ணக் கெட்டிப் போட்டது மாதிரி மனசிலயே அம்புட்டும் வச்சு ஆடின பிள்ள. பெட்டெண்ணு இப்பிடிச் சொன்னா… பேத்துல மண்ட கிண்ட கலங்கி இருக்குமோ?"

எங்கள் தெருவில் சுஜி என்று ஒரு பிள்ளை இருந்தாள். பெற்று மூன்றாம் வாரம் சொந்தக் குழந்தையைப் பார்த்து இது யாருடையது என்று கேட்டாள். சிகிச்சை எடுத்து இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவளுடைய அம்மா அழுத அழுகை என் காதில் இன்னும் கேட்கிறது. இந்த மனிதர் இரண்டு நாளாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். அப்போதுதான் கவனித்தேன், கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"நான் போய்ப் பாக்குகேன்" என்று எழுந்தேன். அவரும் பின்னாலேயே வந்து கதவு மறைவில் நின்றார்.

ஆன்ஸ்லின் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினேன்.

"மக்கா, இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன். எதுக்கு?"

"இந்தப் பிள்ள யாருக்கது?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா, நீ பிரஷர் மாத்திர போட்டியா?"

"கேட்டதுக்குச் சொல்லுட்டி. உனக்க மாப்பிளைக்க பேரு என்ன?"

"டிஜோ. பஹ்ரைன்ல இருக்கு. மூக்கு நீளம், தலையில முடி கொஞ்சம் கொறவு. போதுமா, இல்ல ஆதார் கார்டு வேணுமா?"

கதவு மறைவிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "குமாரி, ராணியக் கேளு."

அவள் கை அப்படியே நின்றது. "அப்பா" என்றாள். "இஞ்ச வாங்க."

அவர் வந்து நின்றார். ஆறடி உயர மனிதர், அந்த நேரம் கூனிப்போய் நின்றார்.

"நீங்க அனுப்பல்லியா?"

"மக்களே…"

"அனுப்பியாச்சுன்னு சொன்னியளே! அவரு பதில் போடல்ல, யோசிக்காருன்னு சொன்னியளே!"

"ராணி போவுது மக்களே. நான் எப்பிடி அனுப்ப?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அடிபட்டால் கத்துவாள், திட்டினால் பதில் சொல்லுவாள். இப்படிச் சத்தமில்லாமல் போய் நான் பார்த்ததில்லை. குழந்தை பாலை விட்டுவிட்டு அவளையே பார்த்தது.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"அஞ்சு கழிஞ்சு" என்றேன்.

"எனக்கு மண்ட கலங்கிப் போச்சுன்னு நெனச்சிய. ரெண்டு பேரும்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி குழந்தையின் நெற்றியில் விழுந்தது. "அவரு அந்த பிஷப்ப அங்க கொண்டு வச்சப்பமே நான் பாத்து வச்சிட்டேன் அப்பா. பொறவு யான பக்கத்துல நிக்க சிப்பாய சும்மா நீக்கினாரு. ராஜாவுக்குக் காவலு இல்ல. அவரு என் ராணிய எடுக்கட்டும். நான் பிஷப்ப எஃப் ஏழுல கொண்டு வச்சு ராஜாவுக்குச் செக் வைப்பேன். அவருக்குப் போறதுக்கு ஒரே எடந்தான். போனா, அடுத்த குதிர வந்து முடிஞ்சு. எடுக்காம விட்டாருன்னாலும் எனக்கு ஒரு சிப்பாய் லாபம். இத நான் கண்ண மூடிக் கெடந்து எத்தன தடவ ஆடிப் பாத்திருக்கேன் தெரியுமா?"

என் வீட்டுக்காரர் முகம் மாறியது. குற்றம் செய்த முகம் போய், மேடையில் கணக்குத் தப்பும்போது வருகிற முகம் வந்தது.

"எஃப் ஏழுல வச்சா செக் வராதே மக்களே."

"வரும்."

"வராது. எஃப் ஏழுக்குச் சரிஞ்சாப்ல பக்கத்துல நிக்கது ராணியாக்கும். ராஜா அதுக்கு அங்குட்டு நிக்கு. உனக்க பிஷப்ப ராணி வெட்டிரும்."

"எந்த ராணி? அங்க ராஜாதான நிக்கும்!"

"ராணி நிக்கு. நான் கண்ணால பாத்துட்டு வாறேன்."

"அப்பா, பலகைய இஞ்ச கொண்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். சட்டம் போட்டது நான். நானே எழுந்து போனேன். கொட்டகையிலிருந்து பலகையைக் காய் சரியாமல் இரண்டு கையிலும் ஏந்தி, கல்யாண வீட்டில் தாம்பாளம் கொண்டு வருவதுபோல நடந்து வந்து கட்டிலில் வைத்தேன். வைத்துவிட்டு ஜன்னல் திரையையும் நானே விலக்கினேன். சாயங்கால வெளிச்சம் பலகைமேல் விழுந்தது.

அவள் ஒரே ஒரு நிமிடம்தான் பார்த்தாள். பிறகு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் பதறிவிட்டேன். அழுகிறாளா, வலிக்கிறதா என்று குனிந்தேன். சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீரோடு, தையல் இழுக்க இழுக்கச் சிரிக்கிறாள்.

"அம்மா, தையலு… பிரியப் போவுது… என்னச் சிரிக்க வைக்காண்டாம்னு சொல்லு… அப்பா, இது என்ன மணமேடையா?"

"எதுக்கு?" என்றார் அவர். "பொண்ணு மாப்பிளைக்கு இடத்த பக்கந்தான?"

"கல்யாணத்துக்கு! இதுல ராணிக்கு நேரே ராணி நிக்கணும். ராஜாவுக்கு நேரே ராஜா. நம்ம ராணி இடத்த நின்னா, அவருக்க ராணி அவருக்கு வலத்த. ரெண்டையும் இடத்த வச்சா எங்ஙன நேரா வரும்?"

அவர் பலகையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். சுற்றிப் போய்க் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று பார்த்தார். ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தால் அதையும் வைத்துப் பார்த்திருப்பார். பிறகு தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்க கர்த்தாவே" என்றார். அவ்வளவுதான். முப்பது வருடமாக ஒரு மேடையில்கூடத் தவறாத ஆள்.

"பொறவு உக்காரலாம். போன எடுங்க" என்றாள் ஆன்ஸ்லின்.

அவர் சட்டைப் பையைத் தொட்டார். இடுப்பைத் தொட்டார். முகம் வெளுத்தது. "லாரியில."

"லாரி எங்க?"

"திற்பரப்புல கல்யாண வீடு. சேரு ஏத்திப் போயிருக்கு. கிருஷ்ணமணி விளிச்சுக் கேட்டா என்ன சொல்லன்னு பயந்து, போன சீட்டுக்க அடியில போட்டு விட்டுட்டேன்."

நான் யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தேன். ஆன்ஸ்லினுடைய போனை எடுத்து அமுக்கினால் கறுப்பாகவே இருந்தது. இத்தனை நாள் பூட்டி வைத்ததில் சார்ஜ் முழுக்க இறங்கிவிட்டது. ஓடிப்போய் ஒயரைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. கட்டிலில் அவள், தரையில் அவர், சுவரோரம் நான், மூன்று பேரும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். குழந்தை மட்டும் நிம்மதியாகக் கொட்டாவி விட்டது. பிள்ளை பெற்றவள் கண்ணுக்கு நல்லது என்று செய்தேன். இப்போது அந்தக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் வராதா என்று நானே ஜெபித்தேன். அந்த வீட்டில் அத்தனை நாளில் உண்மையாக நடந்த ஜெபம் அதுதான்.

வெளிச்சம் வந்தது. ஒயர் எட்டாததால் கட்டிலைச் சுவர்ப்பக்கம் தள்ளினோம். டிஜோ அனுப்பிய செய்திகளாக வந்து கொட்டியது. அவள் ஒன்றையும் பார்க்காமல் தள்ளிவிட்டு எழுதினாள். எஃப்3, இ5. அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினாள். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இனி மூணு நாளு யோசிப்பாரா?" என்று கேட்டேன்.

போன் கிணுங்கியது.

அவள் சத்தமாக வாசித்தாள். "தாயும் பிள்ளையும் சுகந்தானே மக்கா? இந்நேரம் வர காணல்லியேன்னு நெனச்சேன். ஜி4, டி1. ராணிய எடுத்தாச்சு. வருத்தப்படாண்டாம், நல்லா ரெஸ்ட் எடு."

"எடுத்திட்டானா?" என்றார் என் வீட்டுக்காரர். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கறுப்பு ராஜாவையும் ராணியையும் இடம் மாற்றி வைக்கக் கையை நீட்டினார். கை பலகைக்கு மேலேயே நின்றது. "வைக்க வர மாட்டேங்கு குமாரி" என்றார். நான்தான் மாற்றி வைத்தேன். பிறகு வெள்ளை ராணியை எடுத்துக் கட்டிலில் கிடத்தினேன்.

அவள் எழுதினாள். சி4, எஃப்7. செக்.

இப்போது பிஷப்புக்குப் பக்கத்தில் ராஜா நின்றார். எனக்கே தெரிந்தது. பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை. இ8, இ7 என்று மட்டும் வந்தது.

அவள் உடனே எழுதவில்லை. குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அது ஏப்பம் விட்டது. பிறகு ஒரு கையாலேயே எழுதினாள். சி3, டி5.

"முடிஞ்சு" என்றாள்.

கோயில் மணி அடித்தது. போன் சத்தமில்லாமல் கிடந்தது. அடித்து ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் கிருஷ்ணமணி கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மக்கா, நீயாட்டா ஆடின?"

"நான்தான் அண்ணாச்சி."

"பலகை வச்சுப் பாத்தியா?"

"இல்ல அண்ணாச்சி. பலகை இன்னைக்குத்தான் வந்து. அதும் கோளாறாட்டு."

அவர் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "மூணு நாளு இருக்கு எனக்கு. நான் சாயா ஆறும் முன்ன ராணிய எடுத்துப்போட்டேன். எதுக்குத் தெரியுமா? பெத்துக் கெடக்க பிள்ள, பாவம், தெரியாம வச்சிட்டுன்னு நெனச்சேன். வேற ஆளு வச்சிருந்தா மூணு நாளும் இருந்து யோசிச்சிருப்பேன்."

"இஞ்சயும் ஒரு ஆளு அப்பிடித்தான் நெனச்சாரு அண்ணாச்சி."

"யாரு, பந்தலா? ஓய் செல்வதாஸ், இருக்கேரா?"

"இருக்கேன் ஓய்" என்றார் இவர் தரையிலிருந்து.

"நீரும் என்னப் போலத்தானா?"

"உம்மளவிட மோசம் வே. அத விடும்."

கிருஷ்ணமணி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "மக்கா, முன்ன ரெண்டு பிள்ளைய பாதியில நின்னு போச்சுன்னு உனக்கிட்ட சொன்னேன்லா. அதுக ரெண்டும் நின்னது இல்ல. நாங்கதான் ஆட்டத்த நிறுத்தி வச்சோம், இரக்கப்பட்டு. பொறவு ஒருத்தரும் விளிக்கவும் இல்ல. அதுல ஒண்ணு என்ன நாலு தடவ தோக்கடிச்ச பிள்ளையாக்கும். நம்பரு எனக்கிட்ட கெடக்கு. நாளைக்கு விளிச்சுப் பாக்குகேன்."

போனை வைத்ததும் ஆன்ஸ்லின் அதை என் பக்கம் நீட்டினாள், பீரோவில் வைக்க. நான் வாங்கினேன். வாங்கி அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"டிஜோவுக்கு ஒரு வரி எழுது. ரொம்ப நேரம் பாக்காத" என்றேன்.

கஞ்சிக்கு அரிசி இன்னும் அடுக்களையில் சிதறிக் கிடந்தது. கூட்டி அள்ளிவிட்டு வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் அதே இடத்தில் இருந்தார். பலகையைத் தரையில் இறக்கி, கறுப்பு ராஜாவை விரலால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக வைத்து எடுத்துப் பார்த்தார். தாடை தொங்கிப்போய் இருந்தது.

"குமாரி, இந்தாளுக்கு எங்கயும் போக வழி இல்லியே" என்றார். "பொறத்த மாறலாம்னா ஒரு பக்கம் சொந்த ராணி நிக்கா. மறுபக்கம் சொந்த பிஷப்பு நிக்காரு. அவனுக்க ஆளுவளே அடச்சுப் பிடிச்சு நிக்காவளே!"

"நல்லதுக்குன்னு நின்னிருப்பாவ" என்றாள் ஆன்ஸ்லின், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பீரோவில் தொங்கிய சாவியை எடுத்து இடுப்பில் செருகப் போனேன். கை நடுவழியில் நின்றது. அதை ஜன்னல் படியில் வைத்துவிட்டு, கஞ்சி வைக்கப் போனேன்.